23. ♘f3

காலை ஆறரைக்கு எபனேசர் போன்.
"பக்கத்துல குதிரை இருக்கு,
ஓரத்துப் பட்டியல்ல காணோம்மா.
நான் அந்தச் சிப்பாயைத் தொடவேயில்ல."

பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.
அயனாவரத்தில் மெட்ரோவுக்குத் துளைக்கிற சத்தம்
நுரையோடு சேர்ந்து வாய்க்குள் அதிர்ந்தது.

அறுபத்து நாலு ஆட்டம், இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் முப்பத்தோரு வருஷம் வெல்டிங்;
மதியம் டிபன் பாக்ஸை ஓரம் தள்ளிவிட்டு ஆடியவை.
ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தலைப்பாக
அதைத் திருப்பிய நகர்வுதான் வேண்டும் என்றார்.
பெயர் வைக்கலாமே என்றேன்.
"பேரெல்லாம் தோத்தவன் வெக்கிறது."

முதலில் எழுத்தால் முயன்றேன்.
யானைக்கு யா, குதிரைக்கு கு, மந்திரிக்கு ம.
ராஜாவுக்கு ரா.
ராணிக்கும் ரா.
ஒரே எழுத்தில் இருவருக்கும் குடித்தனம்;
எழுந்து போனது யார் என்று
மூன்றாம் ஆட்டத்திலேயே தகராறு.

ஆகவே படம். குட்டிக் கிரீடம், குட்டிப் பிடரி.
பத்திக்குள் வைத்தால் லேடெக் வாய் திறக்காது.
தலைப்பில் வைத்தால்தான்
வாசலுக்கு வாசல் நிறுத்தி அடையாள அட்டை கேட்கும்.
தலைப்பு ஓரிடத்தில் சும்மா இருக்கிற வரியா என்ன,
பொருளடக்கத்துக்குப் போகும், பக்கத்தின் உச்சியில் ஏறும்,
பிடிஎஃப் ஓரத்தில் தொங்கும்.

அந்த எழுத்துருவில் குதிரைக்குத் தடிமன் பிறக்கவே இல்லை.
கனத்த 23-க்குப் பக்கத்தில்
மூன்று நாள் கொள்ளு காணாத உடம்போடு நின்றது.
உச்சியிலோ, எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கு என்று
எவரோ எழுதிவைத்த விதி
f3-ஐ F3 ஆக்கியிருந்தது.
தமிழில் பெரிய எழுத்து கிடையாது,
அதனால் எபனேசர் தப்பித்தார்.
கட்டம் மாட்டிக்கொண்டது.

ஓரத்துப் பட்டியலுக்குப் படம் ஆகாது.
இந்தக் குறிக்கு இங்கே அனுமதியில்லை, நீக்குகிறேன் என்று
எழுபத்தேழு எச்சரிக்கை ஓடியது.
பார்த்தேன்.
பார்க்காத மாதிரி டீ குடித்தேன்.

பத்து மணிக்கு ஆளே வந்துவிட்டார்,
ஜவுளிக்கடைப் பையில் பலகையோடு.
என் இஸ்திரி மேசையில் விரித்தார்.
வெள்ளை ராஜா g1. முன்னால் சிப்பாய் f2.
தூரத்தில், b6-இல், கறுப்பு மந்திரி.

"பதினோராவது மூவ்லேர்ந்து
தஸ்தகீரோட மந்திரி இங்கேருந்து மொறைக்குது.
நடுவுல யாருமில்ல, இந்தப் பொடியன் ஒருத்தன்தான்.
இவன் நகந்தா ராஜா காலி. நகரவே கூடாது, சட்டம்.
g5-ல போன என் குதிரை
தலையத் தொங்கப்போட்டுத் திரும்பி வந்துச்சு பாரு, f3-க்கு,
அதுல உடைஞ்சாரு மனுஷன்.
நீ குதிரையத் தூக்கிட்ட.
இப்ப என்னா எழுதியிருக்கு?
23. f3.
சிப்பாய் நகந்துச்சுன்னு எழுதியிருக்கு."

நான் பலகையைப் பார்த்தேன்.
ஒரு படம் விழுந்ததற்கு
ஒரு பொய் முளைத்திருந்தது, பிழையே இல்லாத எழுத்தில்.

"தஸ்தகீர் போயிட்டாரு. பையன் ஷார்ஜாவுல.
போன்லதான் படிப்பான், அந்தப் பட்டியலத் தட்டித் தட்டி.
எங்கப்பாவ இப்படியா ஜெயிச்சே அங்கிள்னு கேட்டா?"

மின்சாரம் போனது. விசிறி கடைசிச் சுற்று சுற்றி நின்றது.
அவர் சிப்பாயின் தலையை விரலால் அழுத்திப் பிடித்திருந்தார்,
காற்றே இல்லாத அறையில்.

மூன்று மணிக்கு வந்த மின்சாரத்தில் உட்கார்ந்தேன்.
ஒவ்வொரு தலைப்புக்கும் இரண்டு வாய்.
தாளுக்குப் படம், பட்டியலுக்குச் சொல்:
குதிரை f3. ராணி h5. யானை e8.
உச்சி விதியை வேரோடு எடுத்தேன்.
மெலிந்த குதிரையை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை;
அரைப் புள்ளி பெரிதாக்கினேன், தெரியாது.

சதவீதக் குறிக்குப் பின்னால் எழுதுவது
அச்சில் வராது, பட்டியலிலும் வராது.
பதினேழாம் ஆட்டத்தின் தலைப்புக்கு மேலே
அப்படி ஒரு வரி போட்டு வைத்தேன்:

% சிப்பாய் f2-இலேயே நிற்கிறான். யாரும் தொடவில்லை.